அந்த வாக்குமூலம் யாருடையது? பேச்சு வராத ஒருவரின் வழிப்பறிப் புகார்: சேலத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வில் வருபவருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். சேர்வராயன் மலையில், ஏற்காடு ஒண்டிக்கடையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்தில் அக்கா குடும்பத்தோடு வாழ்கிறார். பிறவியிலேயே மூளை முடக்குவாதம். அதிலும் கை, கால், கழுத்து, முகம் எல்லாம் தன் விருப்பம் இல்லாமலே அசைந்துகொண்டிருக்கும் வகை. மருத்துவர்கள் இதை அத்தெடாய்டு என்பார்கள். பதற்றம் வந்தால் இந்த அசைவு இரண்டு மடங்காகும். நடப்பார், ஆனால் தள்ளாடித்தான் நடப்பார். காது கூர்மை. ஐந்தாவது வரை படித்தவர். காப்பித் தோட்டத்தில் மிளகு காயும் களத்தைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. வாயிலிருந்து வரும் ஒலியை அக்கா ஓரளவு புரிந்துகொள்வார். வெளியாளுக்கு அது பேச்சாகவே கேட்காது.

நான் சேலத்தில் சிறப்புக் கல்வியாளராக வேலை பார்க்கிறேன். சம்பவம் நடந்து சில நாள் கழித்து அவருடைய அக்கா கூப்பிட்டதால் இதற்குள் வந்தேன். எழுத ஒப்புதல் கேட்டதும் அவரிடம்தான், குடும்பத்திடம் அல்ல. அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். காவல் நிலையத்தின் பெயர் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

அன்று திங்கட்கிழமை. கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். பராமரிப்பு உதவித்தொகை தொடர்பாக மனு கொடுக்கத் தனியாக இறங்கி வந்திருந்தார். தனியாக வருவது அவருக்குப் புதிதில்லை. கண்டக்டர்களுக்கு அவரைத் தெரியும். இருட்டிய பிறகு மலைக்குப் போகும் கடைசி பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் காத்திருந்தவர், சற்று நேரத்தில் பழக்கடைப் பக்கம் தரையில் விழுந்து கிடந்தார். கூட்டம் கூடியது. ‘ஃபுல் போதை’ என்று யாரோ சொல்ல, ரோந்து வந்த காவலர்கள் நிலையத்துக்குக் கூட்டிப் போனார்கள்.

அங்கே அவரை யாரும் அடிக்கவில்லை. கெட்ட எண்ணத்தோடு நடந்துகொண்டவர் என்று அந்த நிலையத்தில் ஒருவரையும் என்னால் சுட்ட முடியாது. அப்படியிருந்தும் அந்த இரவு ஒரு குற்றம் காணாமல் போனது. அது எப்படி நடந்தது என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

“குடிச்சிருக்கியா?” என்று கேட்டிருக்கிறார்கள். தலை ஆடியது. ‘ஆம் என்று தலையசைத்தார்’ என்று குறிப்பு விழுந்தது. அவருடைய ‘ஆம்’ தலையில் இல்லை, கண்ணில் இருக்கிறது. கண்ணை மேலே தூக்கினால் ஆம், அழுத்தி மூடினால் இல்லை. கழுத்து அவர் கட்டுப்பாட்டில் இல்லாததால் சின்ன வயதிலேயே வீட்டில் பழகிக்கொண்ட முறை இது. இந்த வகைப் பாதிப்பு உள்ள பலருக்கும் கண்தான் நம்பகமான உறுப்பு. அன்று அவர் கண்ணை அழுத்தி அழுத்தி மூடியிருக்கிறார். தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்து, ஊதச் சொன்னார்கள். மூச்சுப் பரிசோதனைக் கருவியின் குழாயை உதட்டால் இறுக்கிப் பிடித்துச் சில நொடி விடாமல் ஊத வேண்டும். உதடு மூடாதவரால் அது முடியாது. காற்று பக்கவாட்டில் போனது, எச்சில் வழிந்தது. ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதினார்கள். இதே சொல் எத்தனை பேர் தலையில் இப்படி விழுந்திருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. முகவாதம் வந்தவர், வாய்ப் புற்றுநோய் அறுவை செய்துகொண்டவர், தொண்டையில் துளை வழியாக மூச்சு விடுகிறவர் எனப் பலராலும் அந்தக் குழாயைச் சரியாக ஊத முடியாது.

நல்லவேளையாக அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்கள். பணியில் இருந்த டாக்டர் சீட்டில் எழுதியது இரண்டே வரி: மது வாடை இல்லை, இடது மணிக்கட்டில் வீக்கம். முதல் வரியால் குடிபோதை கேஸ் விலகியது. இரண்டாவது வரியைப் பார்த்து ‘எப்படி வீங்கியது?’ என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. விழுந்தால் வீங்கத்தானே செய்யும்.

திரும்பி வந்த பிறகு அவர் தன் பையைக் காட்டிக் காட்டிக் கத்தியிருக்கிறார். பை ரைட்டர் (நிலைய எழுத்தர்) மேசைக்குப் பின்னால் இருந்தது. அதற்குள், படங்களைத் தொட்டுக் காட்டி அவர் பேசும் படப் பலகை. பைக்குள் இருப்பதை எடுத்து வைப்பது நிலையத்தில் வழக்கமான நடைமுறைதான். ஆனால் பலகையை எடுத்து வைத்தால் அவர் வாயைத் துணியால் கட்டியது போலத்தான். கடைசியில் ஓர் ஏட்டு ஐயா பாவப்பட்டு அதை எடுத்துக் கொடுத்தார். அவர் ‘போன்’, ‘இல்லை’, ‘வலி’ என்று தொட்டார். பிறகு ‘ஆரஞ்சு’ படத்தைத் திரும்பத் திரும்பத் தொட்டார். பசிக்கிறது என்று நினைத்த ஏட்டு, தன் காசில் ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். அவர் குடிக்காமல் மறுபடியும் ஆரஞ்சையே தொட்டார்.

நடு இரவுக்கு மேல் அக்கா வீட்டுக்காரர் ஒரு ஜீப் பிடித்து மலையிலிருந்து இறங்கி வந்தார். எஸ்.ஐ. அவரைப் பார்த்துக் கேட்டார்: “என்னங்க நடந்துச்சு?” கூட இல்லாத மனிதரிடம் கேட்ட கேள்வி அது. அவரும் பதில் சொன்னார்: “போனை எங்கியோ வுட்டுட்டாங்க சார். பையனுக்கு ஒன்னும் தெரியாதுங்க. நம்மளுக்கு எதுக்குங்க வம்பு, கூட்டிட்டுப் போயிடறேன்.” முப்பதைத் தாண்டிய மனிதர் பையனாகிவிட்டார். போன் தொலைந்ததாக ஒரு சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது எஃப்.ஐ.ஆர். இல்லாமல் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு, போட்டார்கள். கீழே மச்சானின் கையெழுத்து.

அவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஸ்டேஷன், கோர்ட் என்று அலைய நேர்ந்தால் அவருக்குத் தோட்டக் கூலி போய்விடும். ஆனால் பேச்சு வராதவரின் கதையைச் சொல்ல முதலில் வந்து நிற்பவருக்கு ஏதோ ஒரு சொந்தக் கணக்கு பெரும்பாலும் இருக்கும். இங்கே அது சீக்கிரம் வீடு போய்ச் சேர வேண்டும் என்ற கணக்கு. வேறொரு வீட்டில், அடித்த ஆளே மொழிபெயர்ப்பாளராக வந்து நிற்கலாம்.

பலகையில் இல்லாத வினை

பலகையைப் பார்த்ததும் பிரச்சினை புரிந்தது. அவர் பள்ளியில் படித்த காலத்தில் செய்தது. சோறு, தண்ணீர், கழிப்பறை, அம்மா, பஸ், சந்தோஷம், வலி, பழங்கள் எல்லாம் உண்டு. ஒரு குழந்தைக்கு வேண்டிய சொற்கள். அடித்தார், பிடுங்கினார், தொட்டார், மிரட்டினார் என்று ஒன்றுகூட இல்லை. உடல் உறுப்புகளில் கை, கால், தலை, வயிறு மட்டும். நிறங்கள் கிடையாது. போலீஸ் கிடையாது. ‘தெரியாது’, ‘நீங்கள் கேட்பது தப்பு’ இரண்டும் கிடையாது. உலகம் முழுவதும் இத்தகைய பலகைகளில் இந்தக் குறை உண்டு. வீட்டாரும் ஆசிரியர்களும் நல்ல சொற்களாகப் பார்த்து வைக்கிறோம். கெட்டது நடந்தால் சொல்ல வழி வைப்பதில்லை. அந்தரங்க உறுப்புகளின் பெயர் இல்லாத பலகையோடு இருக்கும் ஒரு பெண், தனக்கு நடந்ததை எதைத் தொட்டுச் சொல்வார்?

ஒரு வினைச்சொல் இல்லாமல் போனதால் சட்டத்தில் என்ன ஆனது என்று பாருங்கள். போன் தொலைந்தது என்றால் குற்றமே இல்லை, சி.எஸ்.ஆரோடு முடிந்தது. எடுத்துக்கொண்டு போனார் என்றால் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 303, திருட்டு. கையை முறுக்கிப் பிடுங்கினார் என்றால் பிரிவு 309, வழிப்பறி. 10 ஆண்டு வரை கடுங்காவல்.

நான் அவரைப் பார்க்கப் போனபோது முதலில் நடந்ததைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அவருடைய ஆம், இல்லை இரண்டையும் சோதித்தேன். பதில் எனக்கே தெரிந்த கேள்விகள்: இது ஏற்காடா, இது ஓமலூரா, உங்கள் அக்கா பெயர் இதுவா. வேண்டுமென்றே தப்பான பெயரும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் கண் சரியாகப் பதில் சொன்னது. இதைச் செய்யாமல் யாரிடமும் ஒரு கேள்வியும் கேட்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்களில் சிலர் ‘இல்லை’ என்று நினைத்துக்கொண்டே வாயால் ‘ஆமா’ என்பார்கள். அது பொய் அல்ல, மூளையில் ஏற்பட்ட சேதம். அவர்களுக்கு வேறு வழி தேட வேண்டும்.

பிறகு எழுத்துக் கட்டம். தமிழின் 247 எழுத்தையும் ஒரு அட்டையில் போட்டால் ஆடும் கை எதையும் தொடாது. உயிர் 12, மெய் 18, ஆக 30 கட்டம் போதும். அதிலும் அவரைத் தொடச் சொல்லவில்லை. நான் ஒவ்வொரு வரிசையாக வாசிப்பேன், வேண்டிய இடத்தில் அவர் கண்ணைத் தூக்குவார். மெய் முதலில், உயிர் அடுத்து. அவர் கையை நான் தொடவே இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். கையைத் தாங்கிப் பிடித்து எழுத்தைத் தொட வைக்கும் முறை ஒன்று உண்டு. எழுத்தைத் தேர்ந்தெடுப்பது பிடித்திருப்பவரின் மனம்தான் என்று 1990களிலேயே சோதனைகள் காட்டிவிட்டன. அதை நம்பி அமெரிக்காவில் பெற்றோர் மீது பொய்ப் புகார்கள் எழுந்து குடும்பங்கள் சிதறின. 2018இல் அமெரிக்கப் பேச்சு, மொழி, செவிப்புலச் சங்கம் அந்த முறையைப் பயன்படுத்த வேண்டாம் என்று நிலைப்பாடே எடுத்தது. நம் ஊரில் இன்னும் சிலர் அதை நம்பிக்கையோடு செய்கிறார்கள். வழக்கில் அது வந்தால் உண்மையான புகாரும் செத்துப்போகும்.

எங்கள் குறிப்பேட்டிலிருந்து ஒரு பகுதி:

“அன்று உடம்பில் ஏதாவது நடந்ததா, நடக்கவில்லையா, தெரியாதா, வேறு சொல்ல வேண்டுமா என்று நான்கையும் தனித்தனியாகச் சொன்னேன். ‘நடந்தது’ என்றபோது கண்ணைத் தூக்கினார். பலகையில் ‘கை’ படத்தைத் தொட்டார். பிறகு எழுத்துக் கட்டத்தைப் பார்த்தார். மு, று, க், கி. நிறுத்தினார். ‘முடிந்ததா?’ கண்ணை மூடினார். பி, டு.”

‘பிடு’ என்று வந்ததும் பக்கத்திலிருந்த அக்கா “பிடுங்கிட்டானா?” என்று கத்திவிட்டார். அவரை வெளியே அனுப்பிவிட்டு அந்தச் சொல்லை முதலிலிருந்து மறுபடி எடுத்தோம். பாதியில் ஊகித்து முடித்துக் கொடுத்தால் அது நம் சொல்லாகிவிடும்.

ஆரஞ்சு அன்றைக்கே தெளிவானது. அதைத் தொட்டுவிட்டு ச, ட், டை என்று எழுத்துக் காட்டினார். பலகையில் நிறம் இல்லாததால் பழத்தை நிறமாகப் பயன்படுத்தியிருக்கிறார். ஆரஞ்சுச் சட்டை போட்ட ஆள், பஸ் ஏற்றிவிடுவதாகச் சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு கூட நடந்திருக்கிறான். பழக்கடை மூலையில் கையை முறுக்கிப் போனையும் பணத்தையும் பிடுங்கித் தள்ளிவிட்டிருக்கிறான். அந்த முதல் இரவிலேயே, கையிலிருந்த ஒரே வழியில், அவர் அடையாளம் சொல்லிவிட்டார்.

சட்டத்தில் இருப்பதும் இல்லாததும்

குறிப்பேடு, வீடியோ, டாக்டர் சீட்டின் நகல், சி.எஸ்.ஆர். எல்லாவற்றையும் வைத்து அவர் பெயரில் மேலதிகாரிக்கு மனு போனது. நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் இப்படி எழுத்தில் அனுப்ப, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) பிரிவு 173(4) வழி தருகிறது. கீழே அவர் கைநாட்டு வைத்தார்.

1.7.2024 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 173, மாற்றுத்திறனாளிப் பெண் மீதான பாலியல் குற்றம் என்றால் போலீஸ் அவர் வீட்டுக்கோ அவருக்கு வசதியான இடத்துக்கோ போக வேண்டும், மொழிபெயர்ப்பாளரோ சிறப்புக் கல்வியாளரோ உடனிருக்க வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் வழிப்பறிக்கும் அடிதடிக்கும் மோசடிக்கும் அது பொருந்தாது. பேச்சு வராதவர் பணத்தை இழந்தால் எப்படியாவது சொல்லிக்கொள்வார் என்று சட்டம் நினைத்ததா? இந்த ஓட்டையை நான் ஏற்கவில்லை.

ஓட்டையை அடைக்க வேறு இரண்டு இடங்கள் இருக்கின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 12, அவரவர் விரும்பும் மொழியிலும் தொடர்பு முறையிலும் சாட்சியம் பதிவுசெய்ய வசதி செய்வது அரசின் கடமை என்கிறது; எந்தக் குற்றம் என்ற பாகுபாடு அங்கே இல்லை. பி.என்.எஸ்.எஸ். பிரிவு 179, மாற்றுத்திறனாளியை விசாரணைக்கு அவர் வீட்டைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லக்கூடாது என்கிறது. மனுவில் இவை இரண்டையும் எழுதியிருந்தோம்.

இன்ஸ்பெக்டர் படித்தார். அவரே 20 ஊசி வளைவும் ஏறி வீட்டுக்கு வந்தார். வரும்போது காதுகேளாதோர் பள்ளியிலிருந்து சைகை மொழி ஆசிரியர் ஒருவரையும் அழைத்து வந்திருந்தார். அந்த ஆசிரியர் பார்த்ததுமே சொன்னார்: “சார், இவருக்குக் காது கேக்குது. சைகை மொழி இவருக்குத் தெரியாது. நான் இங்க உதவ மாட்டேன்.” பேச்சு வராது என்றால் காதும் கேட்காது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். குரல்வளை எடுக்கப்பட்டவர் எழுதிக் காட்டலாம், பக்கவாதம் வந்தவருக்குப் படம் உதவலாம், காதுகேளாதவருக்குச் சைகை மொழி. ஆளைப் பார்த்துத்தான் ஆளைக் கூப்பிட வேண்டும்.

திண்ணையில் வாக்குமூலம் பதிவானது. ஒரு கேமரா அவர் முகத்துக்கு, ஒன்று பலகைக்கு. ரைட்டரிடம், ‘கையை முறுக்கியதாகக் கூறினார்’ என்று எழுத வேண்டாம், எதைத் தொட்டார், எப்போது கண்ணைத் தூக்கினார் என்பதை அப்படியே எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். முதலில் அவருக்கு அலுப்பாக இருந்தது. காரணம் சொன்னதும் எழுதினார். 2012இல் ராஜஸ்தான் மாநிலம் எதிர் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் விடுதலையை உறுதிசெய்தது. காது கேளாத, பேச முடியாத சாட்சியின் சைகைகள் பதிவாகவில்லை, விளக்கம் மட்டுமே பதிவானது. விளக்கியவர் சாட்சியின் தந்தை, அவருக்குச் சத்தியப் பிரமாணமும் செய்து வைக்கவில்லை. அன்றிரவு மச்சான் சொன்னதை வைத்தே வழக்கு நகர்ந்திருந்தால் இங்கும் அதே கதிதான்.

எஃப்.ஐ.ஆர். பிரிவு 309இல் பதிவானது. அதற்குள் பஸ் நிறுத்தக் கேமராவில் பழைய பதிவு அழிந்து புதியது ஏறியிருந்தது. பக்கத்துக் கடை ஒன்றின் கேமராவில் மட்டும் ஆரஞ்சுச் சட்டை பத்திரமாக இருந்தது. ஆள் பிடிபட்டான். போன் திரும்பக் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை.

அடையாள அணிவகுப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கையை நீட்டிக் காட்டச் சொல்லியிருந்தால் ஆடும் கை யார் மீதும் விழுந்திருக்கும். ஒரு அப்பாவி மாட்டியிருப்பான், அல்லது குற்றவாளி தப்பியிருப்பான். அடையாளம் காட்டுபவர் மாற்றுத்திறனாளி என்றால் மாஜிஸ்திரேட் மேற்பார்வையில், அவருக்கு இயல்பான முறையில், ஒலி ஒளிப் பதிவோடு செய்ய வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். பிரிவு 54. வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். யார் சந்தேக நபர் என்று தெரியாத ஓர் ஊழியர் எண்ணை வாசித்தார். வரிசையை மாற்றி இரண்டாம் முறையும் வாசித்தார். இரண்டு முறையும் ஒரே ஆளிடம் கண் மேலே போனது.

இப்போது அவர் பையில்

புதுப் பலகையில் எந்தச் சொல் வேண்டும் என்பதை அவரே சொன்னார். அடித்தார், பிடுங்கினார், முறுக்கினார், தொட்டார், மிரட்டினார், ஏமாற்றினார், தெரிந்தவர், தெரியாதவர், போலீஸ், தெரியாது, கேள்வி தப்பு, தனியாகப் பேச வேண்டும். கடைசிச் சொல்லை அவர் கேட்டபோது மச்சான் பக்கத்தில்தான் இருந்தார். நிறங்களும் உடலின் எல்லா உறுப்புகளும் சேர்ந்தன. தமிழில் பேசும் அவாஸ் செயலியையும் போனில் போட்டிருக்கிறோம். ஆனால் பிடுங்கப்படும் முதல் பொருளே போன்தான் என்பதால் அட்டைப் பலகையை விடவில்லை.

சட்டைப் பையில் ஒரு அட்டை: “நான் குடிக்கவில்லை. எனக்கு மூளை முடக்குவாதம். காது கேட்கும், நீங்கள் சொல்வது புரியும். கண்ணைத் தூக்கினால் ஆம், மூடினால் இல்லை. தலையாட்டல் பதில் அல்ல. என் பலகை பையில் இருக்கிறது, அதை என் கையில் கொடுங்கள்.” கழுத்தில் மாட்டலாமே என்று அக்கா சொன்னார். திருடனுக்கும் தெரிந்துவிடும் என்று அவர் மறுத்தார். அவர் சொன்னதுதான் சரி.

போனில் பவர் பட்டனை மூன்று முறை அழுத்தி 112க்குப் போவதையும் பழகியிருக்கிறார். எதிர்முனையில் கேட்பவருக்கு மூச்சுச் சத்தம் மட்டும் வந்தால் விளையாட்டு அழைப்பு என்று வைத்துவிடும் ஆபத்து உண்டு. அதனால் ‘பேச முடியாதவர், உதவி தேவை’ என்ற குறுஞ்செய்தியையும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறோம். அந்த நிலையத்தில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதும் முன் டாக்டரிடம் காட்டுவது என்று வாய்மொழியாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். எழுத்தில் ஓர் உத்தரவு வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகக் கேட்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை.

குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது. விசாரணையில் அவர் சாட்சி சொல்ல வேண்டும். பேச முடியாத சாட்சி எழுத்தாலோ சைகையாலோ சொல்வதை வாய்மொழிச் சாட்சியமாகவே கருத வேண்டும், மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளர் உதவியோடு வீடியோ எடுக்க வேண்டும் என்று சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் பிரிவு 125 சொல்கிறது. நான் அங்கே மொழிபெயர்க்க முடியாது. முதல் பதிவை எடுத்தவன் என்பதால் நானே ஒரு சாட்சி. அக்காவும் முடியாது. வழக்கில் சம்பந்தமில்லாத, கண்ணால் பேசுபவரின் வரிசையை நிதானமாக வாசிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். சேலம், நாமக்கல், தருமபுரி பக்கம் இருக்கும் சிறப்புக் கல்வியாளர்கள், பேச்சுப் பயிற்சியாளர்கள் யாராவது இதைப் படித்தால், அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் உங்கள் பெயரையும் இந்திய மறுவாழ்வுக் கழகப் பதிவு எண்ணையும் கொடுத்து வையுங்கள். விசாரணைக்கு முன்பே ஒரு நாள் மலைக்கு வந்து அவரோடு உட்கார்ந்து பழக வேண்டியிருக்கும். வழக்கைப் பற்றி அன்று எதுவும் பேசமாட்டோம். அவருடைய ஆம், இல்லை இரண்டையும் நீங்களே சோதித்துத் தெரிந்துகொள்ள அந்த ஒரு நாள் போதும்.